கம்பி முனியும் தம்பி வீட்டுப் படியும்

என் தம்பி வீட்டு வாசல் படிக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவில் பிளவு விழுந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு தீபாவளி சாயங்காலம். எல்லாரும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதற்காகச் செருப்பு மாட்டக் குனிந்தபோது, மேல்படி வீட்டோடு ஒட்டியிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. "போயிட்டு வரேன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நீங்கள் கேட்கலாம். யார் வீட்டில் எது கோணலாக இருந்தாலும் முதல் ஆளாகச் சொல்கிறவள் நான். அதனாலேயே என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அந்த மனையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

தம்பி சுங்கை சோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்றுதான் அவனும் அவன் மனைவியும் நினைத்திருந்தார்கள். நான்தான் குறுக்கே விழுந்து, புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த அந்த மனையைக் காட்டினேன். பழைய எஸ்டேட் நிலம். என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான், அவனும் கண்ணெட்டாத இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கணக்கு. அதை வெளியே சொல்லவில்லை. "காத்தோட்டமான இடம், நல்ல மண்ணு, எத நட்டாலும் வரும்" என்று தரகர் மாதிரி அடுக்கினேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவனும் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து தினமும் விடியும் முன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு ரவாங் ரோட்டில் அல்லாடுகிறான்.

அந்த 'நல்ல மண்ணு' என்ற வார்த்தைதான் பிறகு என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

வீடு கட்டிக் குடி போனதற்கு அடுத்த வருடம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அதுவரை எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். புதிய வேலை பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஒரு டாக்டருக்கு அளவெடுத்துக் கொடுப்பது. மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, பூமியைப் படித்த டாக்டர். மலாய்ப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர், சேற்றில் இறங்கினால் என்னைவிட வேகமாக நடப்பார். வாரத்துக்கு ஒருமுறை நான், எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காட்டுக்குள் போய், தரையில் புதைத்திருக்கும் குழாய்களில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மழைமானியில் விழுந்த தண்ணீரை அளக்க வேண்டும். பிறகு ஆங்காங்கே நட்டிருக்கும் இரும்புக் கம்பிகள் தரைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மண்ணை அளக்க என்ன இருக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கிறது. கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுபோனது. ஆறு தொடங்கும் கோலா குபு பாரு மலையில் பேய்மழை பெய்தால், இங்கே சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆறு ஏறிவிடும். அதே நேரத்தில் கடலில் பெரிய ஏற்றம் இருந்தால் ஆற்றுக்குப் போக வழி இருக்காது. மதகை மூடுவார்கள். பாரிட்டில், அதான் எஸ்டேட் வாய்க்காலில், தண்ணீர் தேங்கும். நடுக்காட்டில் என் குழாயில் தண்ணீர் மேலே வந்து நிற்கும். மலையும் கடலும் வானத்து நிலவும் சேர்ந்து என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றிவிடும். பௌர்ணமி, அமாவாசை வந்தால் விரதம் இருக்கிறோமோ இல்லையோ, அளவு நாடாவோடு போய் நிற்க நான் பழகிவிட்டேன்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. மலாய்க்காரர்கள் தானா கம்புட் என்பார்கள். எங்கள் ஆட்கள் கறுப்பு மண் என்பதோடு சரி. அது உண்மையில் மண்ணே இல்லையாம். ஆயிரக்கணக்கான வருடமாகக் காட்டு மரங்களின் இலையும் கட்டையும் வேரும் தண்ணீருக்குள் விழுந்து, மக்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது. தண்ணீர் இருக்கும்வரை அப்படியே இருக்கும். நாம் பாரிட் வெட்டித் தண்ணீரை வடித்தால், காற்றுப் பட்டு மக்க ஆரம்பிக்கும். மக்கியதில் பாதி புகை மாதிரி ஆகாயத்துக்குப் போய்விடும். மிச்சம் அமுங்கும். வருடத்துக்கு இத்தனை விரல் என்று தரை இறங்கிக்கொண்டே இருக்கும். கறுப்பு மண்ணுக்கும் அடியில், முன்பு கடல் இருந்த காலத்துக் களிமண் இருக்கிறது. அது அசையாது. என் கம்பிகளின் கால் அந்தக் களிமண்ணில் ஊன்றியிருக்கிறது. தரை இறங்க இறங்க, கம்பி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது வளர்கிற மாதிரி தெரியும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தீபாவளி வந்தது, நான் படியில் விரல் விட்டேன். ஏன் பேசாமல் வந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதற்கப்புறம் தம்பி வீட்டுக்கு நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். "அண்ணிக்கு இப்பதான் எங்க ஞாபகமே வருது" என்று தம்பி மனைவிக்கு ஒரே சந்தோஷம். சுடச்சுடத் தோசை போடுவாள். வாய் தோசையைத் தின்னும், கண் படியில் இருக்கும். பொங்கலுக்குக் கட்டைவிரல் நுழைந்தது. சித்திரைக்கு இரண்டு விரல். சுவரில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்று, காலண்டரைப் பார்ப்பது போல எழுந்து போய்ப் பார்ப்பேன். கீறல் இல்லை. ஆனால் கீறல் நாளைக்கே வரலாம். டாக்டரிடம் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும். கேட்கத்தான் பயம். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்? வாரா வாரம் அடுத்தவன் நிலம் எவ்வளவு இறங்கியது என்று எழுதிக் கொடுக்கிறவள், சொந்தத் தம்பி வீட்டுக் கணக்கை மட்டும் விரலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழை என்றால் கோழைதான்.

இந்த இடத்தில் கம்பி முனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கம்பிகளில் ஒன்று எஸ்டேட் கோயிலுக்குப் போகும் பாதையோரம் இருந்தது. நட்டபோது கணுக்கால் உயரமாம். நான் வேலைக்கு வந்தபோது முழங்காலுக்கு வந்திருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள், கம்பி வளர்கிறது. புற்று வளர்ந்தாலே மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறவர்கள் நாம், இரும்பு வளர்ந்தால் சும்மா விடுவோமா? ஒரு வாரம் நான் அளக்கப் போனால் கம்பியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடுத்த வாரம் குங்குமம். அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழம், ஊதுவத்தி, பக்கத்தில் ஒரு சுருட்டு. கம்பி முனி என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கும்பிட்டுவிட்டுப் போங்கள், யார் வேண்டாம் என்றது? சாமிக்கு மேடை கட்டுகிறேன் என்று கம்பியைச் சுற்றி மண்ணைக் கொட்டிவிட்டார்கள். அந்த வாரக் கணக்குப்படி, மலேசியாவிலேயே அந்த ஒரு இடத்தில் மட்டும் தரை ஒரு சாண் உயர்ந்திருந்தது. டாக்டர் போன் செய்து, "காக், அங்கே எரிமலை ஏதாவது வந்திருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா. கொட்டிய மண்ணை நானே வாரி அப்பால் போட்டேன். "பால ஊத்துங்க, பூவ போடுங்க, மண்ண மட்டும் கொட்டாதீங்க, இது கவர்மெண்டுக்கு அளக்கிற கம்பி" என்று ஒரு பொய்யையும் சேர்த்து மிரட்டி வைத்தேன். அதிலிருந்து, கவர்மெண்டே வந்து அளக்கிற சாமி என்று முனிக்கு மவுசு கூடிவிட்டது.

ஆடி வெள்ளி ஒன்றில், நான் அளக்கப் போன நேரத்தில் அங்கே நாலைந்து பெண்கள் பூசை செய்துகொண்டிருந்தார்கள். அதில் என் தம்பி மனைவியும் ஒருத்தி. கையில் பால் பாக்கெட். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, பாருங்க, போன ஆடிக்கு இருந்தத விட வளந்திருக்காரு. அவரு மாதிரியே எங்க வீடும் உயரணும்னு வேண்டியிருக்கேன். மேல ஒரு மாடி எடுக்கணும்லா."

மாடி! இரண்டு விரல் பிளவை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மாடி. ஒன்பது மாதமாக நெஞ்சில் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் உடைந்துவிட்டது.

"என்னம்மா வளருது? ஒன்னும் வளரல! கம்பி நட்ட எடத்துலயே தான் நிக்குது. நாமதான் கீழ போய்க்கிட்டிருக்கோம். இந்த மண்ணு எறங்குது. வருஷா வருஷம் எறங்குது. அதத்தான் நான் வாரா வாரம் எழுதிக்கிட்டு இருக்கேன்!"

கற்பூரத் தட்டை வைத்திருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "நாமெல்லாம் எறங்கினாலும் அவரு எறங்கலல்ல? அதாங்க சாமி." மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கற்பூரத்தைக் காட்டினார்கள். நான் கம்பியை அளந்து எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

தம்பி மனைவி மட்டும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடவில்லை. பாலை ஊற்றாமலேயே என் பின்னால் வந்தாள். மோட்டார் நிறுத்தியிருந்த இடத்தில் என்னைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, அப்ப நம்ம வீட்டு வாசப்படி? அதுவும் இந்த மண்ணாலதானா?"

அவளும் பார்த்திருக்கிறாள். தெரியாதது போல இருந்திருக்கிறாள். "தெரியலம்மா. சனிக்கிழம டாக்டர கூட்டிக்கிட்டு வரேன். வீட்ல சொல்லி வை" என்றேன்.

சனிக்கிழமை காலையில் டாக்டர் தன் துளைக்கருவியோடு வந்தார். அது ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. நீளமான இரும்புத் தண்டு, முனையில் பாதி வெட்டிய குழாய் மாதிரி ஒரு அலகு, மேலே இரண்டு கையாலும் பிடிக்க ஒரு பிடி. தரையில் அழுத்தித் திருகி இழுத்தால், அடியில் என்ன இருக்கிறதோ அது அலகில் ஒட்டிக்கொண்டு வரும். ஆழம் போதாவிட்டால் இன்னொரு தண்டை மேலே பூட்டிக்கொள்ளலாம். கறுப்பு மண் எவ்வளவு ஆழம், களிமண் எங்கே ஆரம்பிக்கிறது என்று இதை வைத்துத்தான் பார்ப்போம். களிமண் சீக்கிரம் வந்தால் வீட்டுக்குப் பயமில்லை. வராவிட்டால், வீடு கறுப்பு மண்மேல் மிதக்கிறது என்று அர்த்தம்.

தம்பி அன்றைக்கு லீவு போட்டிருந்தான். டாக்டருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். என்னை நேராகப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பிளவு எங்கே இருக்கிறதோ அங்கேயே தொடங்கலாம் என்று டாக்டர் படியோரம் ஒரு இடத்தைக் காட்டினார். தம்பி பிடியைப் பிடித்து அழுத்தினான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இறங்கியது. அவ்வளவு சுலபமாக அது இறங்கியிருக்கக் கூடாது.

இழுத்தார்கள். அலகு முழுக்கக் கறுப்பு. மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் கறுப்பு, ஈரமாக, நாற்றத்தோடு, மட்கிப்போன நாரோடு. வாராவாரம் காட்டில் பார்க்கிற அதே கறுப்பு. டாக்டர் இரண்டாவது தண்டை எடுத்துப் பூட்டினார். தம்பி மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டுக்காக அவன் ஓட்டிய மோட்டார், மழையில் நனைந்தது, ஓவர்டைம் பார்த்தது எல்லாம் கண்முன்னே வந்தது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவர்கள் இப்போது சுங்கை சோவில் நல்ல கெட்டி மண்ணில் இருந்திருப்பார்கள். கடவுளே, அடுத்ததாவது களிமண்ணாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் கம்பி முனியிடமும் வேண்டியிருப்பேன்.

மூன்றாவது முறை இழுத்தபோதும் கறுப்புத்தான். ஆனால் டாக்டர் குனிந்து, அலகிலிருந்து எதையோ விரலால் உரித்து எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். சேறு வழிந்தது. உள்ளே நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பிளாஸ்டிக். ரொட்டி சுற்றி வருகிற பை.

"காக்," என்றார் என்னைப் பார்த்து, "ஆயிரம் வருடத்து கம்புட்டுக்குள் ரொட்டிப் பை எப்படி வந்தது?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது காடு விழுந்து சேர்ந்த மண் இல்லை, யாரோ குப்பையைப் போட்டு மூடிய பள்ளம் என்றார். அப்போதுதான் தம்பி மனைவி "ஐயோ" என்று கத்தினாள். "பாரிட்டு! அண்ணி, இங்க பழைய பாரிட்டு ஒன்னு இருந்துச்சு!"

விஷயம் இதுதான். வீட்டுப் பிளானில் வாசல் தெற்குப் பார்த்து இருந்தது. அது ஆகாது, கிழக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வீடு பாதி எழும்பிய பிறகு கதவை இந்தப் பக்கம் திருப்பினார்கள். இந்தப் பக்கம் எஸ்டேட் காலத்துப் பாரிட் ஓடிக்கொண்டிருந்தது. வீடு கட்டிய கொந்தராக்காரர் செம்பனை மட்டையையும் கையில் கிடைத்த குப்பையையும் போட்டு அதை மூடி, மேலே கொஞ்சம் மண் தூவி, அதன்மேல் படி கட்டிக் கொடுத்துவிட்டார். மட்டை மக்கியது, படி இறங்கியது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இருங்கள், இன்னும் பார்க்க வேண்டும்" என்று டாக்டர் எங்களை அடக்கினார். வீட்டின் நாலு மூலையிலும் துளை போட்டோம். முதல் மூலையில் ஒரு சாண் கறுப்பு மண் வந்தது, அதற்குக் கீழே கருவி நின்றுவிட்டது. தம்பி முழு பலத்தோடு தொங்கித் திருகினான். இழுத்தபோது, சாம்பல் நிறத்தில், நடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகளோடு, பிசைந்த மாவு போல இறுக்கமாக வந்தது.

"தானா லியாட்!" என்றார் டாக்டர். களிமண். நான் அதைக் கையில் வாங்கி உருட்டினேன். விரிசல் விடாமல் உருண்டது. பிறகு இரண்டாவது மூலை, மூன்றாவது, நான்காவது. எல்லாம் லியாட். நான்காவது உருண்டையை நான் கீழே போடவே இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துக்கொண்டே டாக்டர் எங்களுக்கு விளக்கினார். ஒரு காலத்தில் ஆறு இந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வளைந்து ஓடியிருக்க வேண்டும். மலையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த மண்ணை, வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு முதலில் தன் கரையிலேயே போட்டுவிட்டுப் போகும். அப்படியே கரை மேடாகிவிடும். அந்த மேட்டைத் தாண்டிப் போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் உள்ளே தேங்கும். அங்கேதான் காடு விழுந்து விழுந்து கறுப்பு மண் ஆனது. வீடு இருப்பது மேட்டில். கோலா குபு பாரு மலை, எத்தனையோ மழைக்காலமாகத் துளித் துளியாகக் கரைந்து வந்து இந்த வீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். மனையைக் காட்டியபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. குருட்டு அதிர்ஷ்டம்தான். இருந்தாலும் 'நல்ல மண்ணு' என்று சொன்னேனே, அது பொய்யாகவில்லை. முள் தொண்டையைவிட்டு இறங்கியது எனக்கே தெரிந்தது.

படியை உடைத்துவிட்டு, களிமண் தொடும்வரை தோண்டி, புதிதாகக் கட்டச் சொன்னார் டாக்டர். வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். அவர் காரில் ஏறிப் போன பிறகு, நானும் தம்பியும் கைகால் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனோம். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தீபாவளியன்றே பார்த்தது, தோசை தின்ன வந்து விரல் விட்டு அளந்தது, என்னால்தான் அவன் வாழ்க்கை மண்ணோடு போகப்போகிறது என்று பயந்தது, எல்லாம்.

அவன் முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"தீபாவளிக்கு முன்னாடியே நாங்க பாத்துட்டோம்க்கா" என்றான். "வீடு போனா போகட்டும், எங்கயாச்சும் வாடகைக்குப் போய்க்கலாம். ஆனா மண்ணு சரியில்லங்கிற பேச்சு மட்டும் அக்கா காதுல விழக்கூடாதுன்னு இவகிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருந்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கக்கா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதை மூடவில்லை. ஊருக்கெல்லாம் வாயாடும் நான், சேற்றுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் முன்னால் நின்று அழுதேன்.